வெட்டினாலும் துளிர்க்கும் மரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புத்த பூர்ணிமா அன்று தங்கள் நாளிதழில் புத்தர் பொன்மொழிகளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். முதலாவதாக வந்தது: 'வேர் உறுதியாக இருந்தால் வெட்டிய மரமும் மீண்டும் துளிர்க்கும், நம்பிக்கை இழக்காதே.' பக்கத்திலேயே கஜா புயலில் சாய்ந்த தென்னந்தோப்பின் படம்.

அதற்கு மேல் படிக்க முடியவில்லை. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் என் தோப்பில் 140 தென்னை போய்விட்டது. முறிந்த தென்னை துளிர்க்காது ஐயா. அதன் உயிர் உச்சிக் குருத்தில் இருக்கிறது. குருத்து போனால், வேர் எவ்வளவு ஆழம் ஓடியிருந்தாலும் மரம் போனதுதான். வேதாரண்யம் பக்கம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் இது தெரியும்.

சரி, படத்தை விடுங்கள். அந்த வாக்கு, புத்தர் வாக்குகளின் பாலித் தொகுப்பான தம்மபதத்தின் 338ஆம் பாடல். வேட்கையைப் பற்றிய அதிகாரத்தில் வருகிறது. அதில் பாதியைத்தான் போட்டிருக்கிறீர்கள். வேர் கெடாத மரம் வெட்ட வெட்டத் தழைப்பதுபோல, வேட்கையின் வேர் அறாதவரை துன்பம் மறுபடி மறுபடி முளைக்கும் என்பதுதான் முழுப் பாட்டு. எச்சரிக்கையாகச் சொன்னதை ஆறுதலாக மாற்றிவிட்டீர்கள். 'நம்பிக்கை இழக்காதே' என்பது அதில் எங்குமே இல்லை.

இந்தப் பாட்டு எனக்கு வயலில்தான் விளங்கியது. கிழக்கு வரப்போரம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. மூன்று தடவை ஆள் விட்டு வெட்டினேன். ஒவ்வொரு மழைக்கும் அடிக்கட்டையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கொம்பு, முன்னைவிட அடர்த்தியாக, பச்சை முள்ளோடு கிளம்பிவிடும். கடைசியில் ஜேசிபி வைத்துத் தூரோடு பிடுங்கிய பிறகுதான் அடங்கியது. புத்தர் சொன்ன மரம் அதுதான்.

போன வருஷம் 'ஒவ்வொரு காலையும் புதிதாய்ப் பிறக்கிறோம்' என்று அவர் பெயரில் போட்டீர்கள். எந்த நூலில் இருக்கிறது என்று கேட்டு அஞ்சலட்டை எழுதினேன். பதில் இல்லை. பிறப்பையே துன்பம் என்றவர் அவர்; 'பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம்' என்ற மணிமேகலை வரி தங்களுக்குத் தெரியாததில்லை. அதற்கும் முன்பு, பூவின் நிறமும் மணமும் கெடாமல் தேன் எடுக்கும் வண்டைப் பற்றிய தம்மபதத்தின் 49ஆம் பாடல் வியாபார யோசனையாக வந்தது. அது துறவி ஊருக்குள் எப்படிப் பிச்சை ஏற்க வேண்டும் என்பதற்குச் சொன்னது.

வேறு சீமைப் பத்திரிகை என்றால் இவ்வளவு வருந்த மாட்டேன். இது பௌத்தம் வாழ்ந்த மண். நாகப்பட்டினத்தில் இருந்த சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் இருந்துகொண்டு புத்ததத்தர் என்ற துறவி பாலியில் நூல் எழுதினார். நாகப்பட்டினத்தில் மிஞ்சி நின்ற புத்தக் கோபுரத்தையும் 1867இல் இடித்துவிட்டார்கள். அந்த ஊரில் கிடைத்த 350க்கும் மேற்பட்ட செப்புத் திருமேனிகளில் பலவற்றைப் பார்க்க நாம் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. இங்கே இருப்பது சொல் மட்டும்தான்.

புயல் அடித்த மூன்றாம் நாள், மன்னார்குடிப் பக்கத்திலிருந்து முன்பின் தெரியாத நாலு பேர் டிராக்டரில் புளிச்சோறு கொண்டுவந்தார்கள். என் மனைவி பொட்டலத்தைப் பிரிக்காமல் கையில் வைத்தபடியே அழுதாள். ஆறுதல் சொல்ல நினைத்திருந்தால் 'உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே' என்ற மணிமேகலை வரியை அந்தப் படத்துக்குக் கீழே போட்டிருக்கலாம்.

338ஆம் பாடலை முழுதாக அதே பக்கத்தில் ஒருமுறை வெளியிடுங்கள். அப்புறம், இனி எந்தப் பொன்மொழி போட்டாலும் நூலின் பெயரையும் பாட்டு எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு வரி இடம்தான் ஆகும்.

இப்படிக்கு,
22 வருஷச் சந்தாதாரர்,
வேதாரண்யம் வட்டம்.