அக்காவுக்கு, ஒரு வருடம் கழித்து

அக்கா,

இன்றோடு ஒரு வருடம். சபையில் உனக்காக ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார்கள். நீ முகம் சுளிக்காமல் போனதைச் சாட்சியாகச் சொன்னார்களாம். நான் போகவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். நாலு பேர் படிக்கிற இடத்தில் அதை எழுத மாட்டேன்.

அந்த ஐஸ்கட்டி ராத்திரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. டயாலிசிஸ் இல்லாத நாள். உனக்கு அளந்து வைத்த தண்ணீர் மத்தியானமே தீர்ந்துவிட்டது. நாக்கு ஒட்டுகிறது, ஒரே ஒரு ஐஸ்கட்டி தா என்றாய். கையில் வாங்கியதும் கண்ணை மூடிக்கொண்டாய். அது கரைந்து மணிக்கட்டு வழியாக ஒழுகுகிறது, நீ இன்னும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே இருக்கிறாய். "ஒரு ஐஸ்கட்டிக்கு இவ்வளவா? கிட்னியை எடுத்துக்கொண்டவருக்கா?" என்று கத்தினேன். மிச்சமிருந்த துண்டை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாய்.

மன்னித்துக்கொள். ஆனால் வாரம் 3 நாள், 4 மணி நேரம், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளும் மனுஷிதான். நீ முனகியிருந்தால் நானும் கூடச் சேர்ந்து முனகியிருப்பேன். நீ நன்றி சொல்லச் சொல்ல, என் அலுப்பு மட்டும் பாவம் மாதிரித் தெரிந்தது. அது உன் தப்பில்லை. சரி, கொஞ்சம் உன் தப்புதான்.

உன் வேதாகமத்தைப் போன வாரம்தான் திறந்தேன். பிலிப்பியர் 4ஆம் அதிகாரத்தில், எந்த நிலையிலும் மனநிறைவோடு இருப்பதைப் பற்றிப் பவுல் 'மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்' என்கிற இடத்தில் கோடு போட்டிருப்பாய் என்று நினைத்தேன். உன்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் சொல்கிற வசனம். அங்கே ஒன்றுமில்லை. 2ஆம் அதிகாரத்தில் இருந்தது. பவுலுக்கு உதவ வந்த எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்த இடம். அவன் செத்திருந்தால் தனக்குத் 'துக்கத்தின்மேல் துக்கம்' என்று, காவலில் இருந்த அதே பவுல், அதே கடிதத்தில் எழுதுகிறார். அந்த இரண்டு வார்த்தைக்கடியில் பென்சிலால் இரண்டு கோடு, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி.

கற்றுக்கொண்டுதான் இருந்திருக்கிறாய், தினமும், என் கண்ணெதிரே. நான் அதைப் பிறவிக்குணம் என்று நினைத்து எரிச்சல்பட்டேன்.

நேற்று ராத்திரி ஒரு ஐஸ்கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஸ்தோத்திரம் என்று வாயில் வந்தது, ஒரே ஒரு தரம். அப்புறம் கோபமும் வந்தது. அந்தக் கோடு போட்ட ராத்திரி நீ என்னை எழுப்பியிருக்கலாம். பக்கத்து அறையில்தானே இருந்தேன்.