நீரிழிவுக்காரரின் குதிக்காலுக்கு எந்தக் கிரீம்? கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்

சுகாதார அமைச்சின் தொற்றா நோய்ப் பிரிவுக்கும் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்துக்கும்,

வணக்கம். கொழும்பில் பார்மசி கவுண்டரில் நின்று மருந்து கொடுப்பவள் நான். சீனி வருத்தக்காரர் பலர், கால் வறட்சிக்குக் கிரீம் வாங்க டாக்டர் எழுதிய துண்டோடு எங்களிடம் வருகிறார்கள். வந்ததும் கேட்பது ஒன்றுதான்: "இருக்கிறதுல விலை குறைஞ்சது எது மகள்?"

டியூபின் விலையைச் சொல்லிவிடலாம். ஆனால் அது உண்மையான பதில் அல்ல. பெரியவர் ஒருவரின் சுட்டுவிரலில், கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை பிதுக்கிய கிரீம் ஏறக்குறைய அரை கிராம். ஒரு பாதத்துக்கு அப்படி இரண்டு வேண்டும். இரு பாதங்களுக்கும் காலையும் இரவும் பூசினால் நாளுக்கு 4 கிராம், மாதத்துக்கு 120 கிராம். 30 கிராம் டியூப் ஒரு கிழமையோடு சரி. விலை குறைந்தது என்று வாங்கிப் போகும் சின்ன டியூப்தான் பல வேளைகளில் கிராமுக்கு அதிக விலை.

கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் அம்மா ஒருவர் செருப்பைக் கழற்றிக் குதிக்காலைக் காட்டினார். வெடிப்பின் இரு ஓரமும் மஞ்சளித்துக் கட்டியாகியிருந்தது. உள்ளே கறுப்பாக மண். டியூப் முடிந்துவிடும் என்று தீக்குச்சி நுனியில் தொட்டு, வெடிப்புக்குள் மட்டும் வைத்துவருகிறாராம். "நோகுறதே இல்ல" என்று ஆறுதலாகச் சொன்னார். எனக்குப் பயம் வந்தது அந்தச் சொல்லில்தான். நரம்பு கெட்டால் வலி தெரியாது, பாதம் வியர்ப்பதும் குறையும். வியர்க்காத தோல் காய்ந்து வெடிக்கும், வெடிப்பு வழியே கிருமி போகும். புண்ணாகி, காலை எடுக்கும் வரை போனவர்களின் வீட்டாரும் என் கவுண்டருக்கு வருகிறார்கள்.

இனி கிரீம்கள். வாஸ்லின் போன்ற மென்பரஃபின் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும், மலிவு. ஆனால் பிசுபிசுக்கும், டைல்ஸ் தரையில் வயதானவர்களை வழுக்கும். ஏக்குவஸ் கிரீமில் பெரும்பாலும் சோடியம் லோரில் சல்பேட் என்ற, அழுக்கு நீக்கும் நுரைப்பொருள் இருக்கும். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பூசிக் கழுவ அது நல்லது. பூசியபடி விட்டால் தோலின் காப்பைக் குலைக்கக்கூடும். யூரியா 10 முதல் 25 சதவீதம் வரை உள்ளவை தண்ணீரை இழுத்து வைத்து, தடித்த தோலையும் இளக்கும். நீரிழிவுக் கால்களில் சாதாரணக் கிரீமைவிட இவை வறட்சியை நன்றாகக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புண்ணையும் கால் இழப்பையும் எவ்வளவு தடுக்கும் என்பதற்கு நேரடிச் சான்று குறைவு. அப்படியிருக்க, விலை கூடிய கிரீமை எழுதிக்கொடுப்பது யாருக்குப் பலன் தரும், யாருக்கு வாஸ்லினே போதும் என்று எங்கள் நாட்டு விலையில் யாராவது கணக்குப் பார்க்க வேண்டாமா?

அதை நீங்கள்தான் செய்ய முடியும். 2018–19 இல் எடுத்த நாடளாவிய கணக்கெடுப்பில் வளர்ந்தவர்களில் 23 சதவீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. கொழும்பின் கிளினிக்குகளில் நோயாளிகளுக்குக் குறைவே இல்லை. மென்பரஃபின், கிளிசரின் கிரீம், 10 சதவீத யூரியா என்று மூன்றை எடுத்து, மாதம் 120 கிராமுக்கு என்ன செலவு, எத்தனை குதிக்கால் ஆறியது, எத்தனை பேர் இடையில் பூசாமல் விட்டார்கள் என்று பாருங்கள். விட்டவர்களை அவசியம் எண்ணுங்கள். பிசுபிசுப்புப் பிடிக்காமல் மூலையில் கிடக்கும் மலிவான டப்பாவால் யாருக்கும் லாபமில்லை. புண் வந்து வார்ட்டில் கிடக்கும் நாட்களின் செலவையும் அதே கணக்கில் சேருங்கள்.

கம்பனிப் பெயரைப் பார்க்காமல் மருந்தின் பெயரைப் பார்த்து வாங்க வேண்டும் என்று 1971 இல் இந்தக் கூட்டுத்தாபனத்தைத் தொடக்கி வைத்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. அந்த வழியில் தேறும் கிரீமை மொத்தமாக வாங்கி, டியூபாக அல்லாமல் பெரிய டப்பாவில் கிளினிக்கிலேயே கொடுங்கள். வெளியில் விற்பவற்றுக்கு 100 கிராமுக்கு என்ன விலை என்று உங்கள் ஒசுசல மருந்துக் கடைகளிலும் கிளினிக் சுவரிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுங்கள். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் இரண்டு வரி போதும்: பாதம் முழுவதும் பூசவும், விரல் இடுக்கில் பூச வேண்டாம். இடுக்கில் ஈரம் தங்கினால் தோல் ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும் என்பதை எத்தனை பேருக்குத்தான் கவுண்டரில் நின்று சொல்ல முடியும்?

ஆடிவேல் திருவிழாவுக்குச் செட்டியார் தெருவிலிருந்து வெறுங்காலோடு தார் ரோட்டில் நடப்பவர்களில் என் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். நடக்காதீர்கள் என்றால் கேட்கமாட்டார்கள். அடுத்த ஆடிக்கு முன் உங்கள் கணக்கு வெளிவந்தால், எதைப் பூச வேண்டும் என்றாவது தயங்காமல் சொல்வேன்.

இப்படிக்கு,
கொழும்பிலிருந்து ஒரு மருந்தாளர்