பிறர் தூண்டுதல் இன்றி

பள்ளிகொண்டா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பழையபடியே இருக்கிறது. அத்தை நேரத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். பெங்களூரில் உளவியலாளராகத் தனியாகத் தொழில் நடத்த நீ வாடகைக்கு எடுத்திருக்கும் அறையின் படத்தைத் தம்பி காட்டினான். நாற்காலிகளை நேருக்கு நேர் போடாமல் சற்றுச் சாய்த்துப் போட்டிருப்பதை அம்மா குறையாகச் சொன்னாள். நேரே பார்த்து உட்கார்ந்தால் வந்தவருக்குப் போலீஸ் விசாரணை போல இருக்கும் என்று நீ முன்பு சொன்னதை நான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

பொங்கலுக்கு வந்துபோன பிறகு நீ வாரந்தவறாமல் பேசுகிறாய், ஆனால் என்னிடம் பேசும்போது மட்டும் "உடம்பு எப்படிப்பா இருக்கு?" என்பதோடு முடித்துக்கொண்டு அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிடுகிறாய். புதிதாகத் தொழில் தொடங்கியவளுக்கு வேலை அதிகம் இருக்கும். அதனால் எழுதுகிறேன். எழுதுவதுதானே எனக்குத் தெரிந்த தொழில்.

மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்த மருத்துவமனை வேலையை விட்டதைப் பற்றி இனிப் பேசுவதில்லை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே முப்பத்தைந்து ஆண்டுகள் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பத்திர எழுத்தன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லலாம் அல்லவா? முதல் வருடம் ஆள் வராது. வராத நாளிலும் அறையைத் திறந்து, குறித்த நேரத்துக்கு உட்கார். கட்டணத்தை முதல் நாளே வாய்விட்டுச் சொல்; இல்லாதவரிடம் பாதி வாங்குவதென்றால் அதையும் முதல் நாளே சொல், கடைசியில் முகத்தைப் பார்த்துக் குறைக்காதே. மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவுச் சான்றைக் கண்ணில் படும்படி மாட்டு. அந்தப் பதிவு இல்லாமல் இத்தொழிலைச் செய்தால் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை என்று நீதான் சொன்னாய். அப்படியிருந்தும் வார இறுதி வகுப்பில் ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டுப் பலகை மாட்டுகிறவர்கள் உண்டு என்றும் சொன்னாய். இளங்கலை மூன்று, முதுகலை இரண்டு, நுழைவுத் தேர்வு எழுதி எம்.ஃபில். இரண்டு என்று ஏழு வருடம் படித்தவள் நீ. மருந்து எழுதாத டாக்டருக்கு ஏழு வருடமா என்று சித்தப்பா கேட்டபோது, மருந்து எழுதுவது மனநல மருத்துவர் வேலை, பேச வைத்தும் சோதனைகள் செய்தும் ஆளைப் புரிந்துகொள்வது என் வேலை என்று நீ அவருக்குச் சொன்ன பதிலை நான் இன்றைக்கும் கடைத்தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. யாருக்காகவும், நீ பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக எழுதிக் கொடுக்காதே. தனியாகத் தொழில் செய்கிறவரிடம் காகிதத்துக்காகவே சிலர் வருவார்கள். விவாகரத்து வழக்குக்காக மனைவிக்கு மனநிலை சரியில்லை என்று எழுதித் தரச் சொல்வார்கள். தேர்வில் கூடுதல் நேரம் வாங்குவதற்காகப் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு என்று அறிக்கை கேட்பார்கள். கேட்பவர் அழுவார், அல்லது நெருங்கியவராக இருப்பார். எழுதாதே.

எதிர்வீட்டுப் பையனை நீ பார்க்க மறுத்தது எனக்கு வருத்தம்தான். ஐந்து மாதமாக வீட்டைவிட்டு வெளியே வராமல் இருக்கிறான். அவன் அப்பா என்னைத் தேடி வந்து கேட்டார். நானும் பெருமையாக உன் எண்ணைக் கொடுத்தேன். தெரிந்த குடும்பத்தை நான் பார்ப்பது முறையாகாது, இன்னொருவரின் பெயர் தருகிறேன் என்று நீ சொல்லிவிட்டாய். மூன்று நாள் தெருவில் தலைகாட்டக் கூசினேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது எங்கள் தொழிலிலும் அதே வழக்கம் இருந்தது நினைவுக்கு வந்தது. தன் வீட்டுப் பத்திரத்தைத் தானே எழுதாதே என்று, எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த பெரியவர் முதல் வாரமே சொன்னார். எழுதுகிறவன் எழுதிக்கொடுப்பவருக்கும் எழுதிவாங்குபவருக்கும் பொதுவானவனாக இருக்க வேண்டும். தன் வீட்டில் எவனும் பொதுவாக இருக்க முடியாது என்பார்.

அந்தச் சொல்லை நான் ஒரே ஒரு தடவை மீறினேன். அது உனக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரியும். உன் மதிப்பெண் பட்டியல்களைத் தேடித் தகரப் பெட்டியைத் திறந்தாய் அல்லவா? பத்திரக் கட்டுக்கு நான் எப்போதும் இரட்டை முடிச்சுப் போடுவேன். நீ போன பிறகு பார்த்தபோது ஒற்றைச் சுருக்கு இருந்தது.

1993ஆம் வருடத்துப் பத்திரம் அது. தலைப்பில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றிருக்கும். தாத்தா உயில் எழுதாமல் போய்விட்டார். 1989இல் வந்த தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டத்தால், கலியாணமாகாத பெண் என்ற முறையில் அத்தைக்கும் எங்களுக்குச் சமமாகப் பங்கு உண்டு. பாலாற்றங்கரை நிலம் ஒன்றே முக்கால் ஏக்கரில் அவளுக்கு 58 சென்ட் வர வேண்டும். அவளுக்கு எதற்கு நிலம், கடைசிவரை நாம்தானே சோறு போடப் போகிறோம் என்று சித்தப்பா சொன்னான். நான் மறுக்கவில்லை. எங்கள் இருவர் பேருக்கும் அவள் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்ததாக எழுதினேன். "நல்ல மனநிலையிலும் சுயநினைவிலும், பிறர் தூண்டுதல் இன்றி, முழுச் சம்மதத்துடன்" என்ற வரியை ஆயிரக்கணக்கான பத்திரங்களில் எழுதிய கைதான் அதிலும் எழுதியது.

அப்போது அவள் ஒழுங்காகத் தூங்கியே ஒரு மாதம் இருக்கும். அதற்கு முன்புதான் சோளிங்கருக்கு அழைத்துப்போய், தக்கான் குளத்தில் முழுக வைத்து, ஒரு மண்டலம் அங்கேயே தங்கியிருந்து திரும்பியிருந்தோம். கோயிலை நான் குறை சொல்லவில்லை. இன்றும் ஆஞ்சநேயருக்கு வேண்டிக்கொள்கிறவன்தான். ஆனால் வேலூர் பாகாயத்தில் 1957 முதலே மனநல மருத்துவமனை இருந்தது. அங்கே நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவரும் தங்கியிருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டேன். தங்கினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்தேன். பிறகு எம்.ஃபில். சேர்ந்த வருடம் நீதான் அவளை அங்கே அழைத்துச் சென்றாய். பத்து மணிக்குள் முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு மாலைவரை நீ வரிசையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

பதிவு அன்று "இது எதுக்குண்ணா?" என்று கேட்டாள். ரேஷன் கார்டுக்கு என்றேன். அதிகாரி முறைப்படிதான் கேட்டார், சம்மதமா என்று. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். பெருவிரல் ரேகை வைத்ததும் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள். எண்ணெய் வைத்து வாரியிருந்த முடி. நான்தான் அம்மாவிடம் சொல்லி வாரிவிடச் செய்திருந்தேன், பார்ப்பவருக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று.

பொங்கலுக்குப் பிறகு வக்கீலிடம் சட்டப் புத்தகங்களை வாங்கிப் படித்தேன். இடையிடையே தெளிவடைகிறவர் அந்தத் தெளிவில் செய்யும் ஒப்பந்தம் செல்லும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இருக்கிறது. மனநோய் என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவராகக் கொள்ளக் கூடாது, நீதிமன்றம் அறிவித்தால் ஒழிய, என்று 2017ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்திலும் இருக்கிறது. இரண்டையும் ஒரு தாளில் எழுதி உனக்கு அனுப்ப வைத்திருந்தேன். அவளுக்குப் பாதுகாப்பாக எழுதப்பட்ட வரிகளில் எனக்கு இடம் தேடுகிறேன் என்று உறைத்ததும் கிழித்துவிட்டேன். தெளிவாக இருந்தாளோ இல்லையோ, ரேஷன் கார்டு என்று சொன்னவன் நான்.

என் பங்கிலிருந்து 58 சென்டை அவள் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிவைக்கப் போகிறேன். சித்தப்பாவைக் கேட்கவில்லை, கேட்டால் தள்ளிப்போகும். வேறொரு எழுத்தரிடம் கொடுத்திருக்கிறேன். அவள் மனநிலை பற்றி உன்னிடம் ஒரு சொல்லும் எழுதிக் கேட்க மாட்டேன்; வேண்டுமென்றால் பாகாயத்து டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறேன். நகலை நேற்று மாலை திண்ணையில் வைத்து அத்தைக்கு நிறுத்தி நிறுத்திப் படித்துக்காட்டினேன். பூக்கட்டிக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "இது நெசமா ரேஷன் கார்டுக்கு இல்லையே?" என்றாள்.

நீ மனிதர்களின் பாரத்தை நாள் முழுவதும் கேட்கிறாய். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூத்தவர் ஒருவரிடம் உன் வேலையைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னாயே, அதைச் செலவு பார்த்து நிறுத்திவிடாதே. சாப்பாட்டை இரண்டு மணிக்கு மேல் தள்ளாதே. பார்க்காததைப் பார்த்ததாக எழுதாதே.

பதிவு அடுத்த மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை. காலை வண்டியில் காட்பாடி வந்தால் தம்பி வந்து அழைத்துக்கொள்வான். சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கிடைத்துவிட்டார்.

அன்புடன்,
அப்பா