மினர்வா மில் எதிர்ச் சந்திலிருந்து

ஆசிரியருக்கு வணக்கம்.

பெங்களூரு மால்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 2021-ல் லூலூ மால் திறந்த பிறகுதான் மாகடி ரோடு பக்கத்துக்கே களை வந்தது என்கிற மாதிரி எழுதியிருக்கிறார் நிருபர். அந்த மால் நிற்பது மினர்வா மில் என்ற பஞ்சாலை இருந்த இடம் என்று ஒரு வரி போட்டிருக்கலாம். மல்லேஸ்வரம் மந்திரி மால்கூட ராஜா மில் நிலத்தில் வந்ததுதான்.

என் தாத்தா வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்து மினர்வாவில் சேர்ந்தவர். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் தலை, புருவம் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும், பாட்டி வாசலிலேயே துண்டால் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார். அந்தச் சம்பளத்தில்தான் இந்தச் சந்தில் சின்னதாக ஒரு ஓட்டு வீடு கட்டினார். எங்கள் சந்தே மில்லை நம்பி இருந்தது. சம்பளத் தேதி வரை நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி பருப்பு கொடுக்கும் மளிகைக்கடை, விடிகாலை ஷிஃப்ட்காரர்களுக்காக இருட்டிலேயே அடுப்பு மூட்டும் இட்லிக்கடை, எல்லாம் அப்படித்தான்.

1971-ல் மத்திய அரசு மில் நிர்வாகத்தை எடுத்தது, 1974-ல் தேசியமயம், அப்புறம் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமே நினைத்தாலும் மாற்ற முடியாது என்பதை மறுபடியும் உறுதி செய்த 1980-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, இந்த மில் பேரில் வந்ததுதான். எங்கள் மாடியில் குடியிருந்த சட்டக் கல்லூரி மாணவன் 'மினர்வா மில்ஸ்' என்று சத்தம் போட்டு மனப்பாடம் செய்வான். அந்த மில் எதிரேதான் இருந்தது என்று நான் சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரியும்!

மில் நின்ற பிறகு சிலர் ஆட்டோ ஓட்டினார்கள், சிலர் வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்பி வாடகைக்கு விட்டார்கள். 2015-ல் மெட்ரோ வந்ததும் வாடகை ஏறியது. அந்த மளிகைக்கடை எஸ்டிடி பூத்தாகி, ரீசார்ஜ் கடையாகி, இப்போது அசாம் பையன்கள் நடத்தும் மோமோ கடை. நன்றாகவே இருக்கிறது, நானும் வாங்குகிறேன்.

மால் வந்ததில் எனக்கு வருத்தமில்லை, ஏசிக்காகவே போகிறவள்தான் நானும். ஆனால் அங்கே செக்யூரிட்டியாகவும் பில் போடுபவராகவும் இருக்கும் பிள்ளைகள் எங்கள் சந்தில்தான் ரூமுக்கு நாலு பேராகத் தங்குகிறார்கள், கான்ட்ராக்ட் முடிந்தால் காலி செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களை நம்பி எந்தக் கடைக்காரர் நோட்டுப் போடுவார்? சம்பளத்தில் இங்கே வீடு கட்டுவது பற்றிப் பேச்சே இல்லை. வேலைவாய்ப்பு பெருகியது என்று எழுதும்போது இதையும் கொஞ்சம் விசாரித்திருக்க வேண்டாமா?

மினர்வாவில் வேலை பார்த்த பெரியவர்கள் சிலர் இன்னும் இங்கே இருக்கிறார்கள். நிருபரை ஒருமுறை அனுப்புங்கள், பேசுவார்கள். காலையிலேயே வரச் சொல்லுங்கள், சாயங்காலம் மாகடி ரோடு டிராஃபிக்கில் மாட்டினால் வந்து சேரவே ராத்திரியாகிவிடும்.

— ஒரு வாசகி, மாகடி ரோடு, பெங்களூரு