பதினேழு அங்குல ஆசை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் பழைய கார்களைப் புதுப்பிக்கிறவர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். என்ஜின், பெயின்ட், சீட்டுத் துணி எல்லாவற்றையும் விவரமாக எழுதிய உங்கள் நிருபர், சக்கரத்துக்கு வந்ததும் பெரிய அலாய் (அலுமினியக் கலவைச் சக்கரம்) போட்டால் கம்பீரம் என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். அதே ஆசையில் எங்கள் வீட்டு வண்டி ஒன்று வாய்க்காலில் இறங்கப் பார்த்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மஸ்கட்டில் 11 வருஷம் பட்டறையில் இருந்தவன். மஸ்டாங், கமேரோ, டாட்ஜ் சார்ஜர் என்று பெரிய என்ஜின் வைத்த அமெரிக்க ‘மசில் கார்’கள் அங்கே வரும். சேர்ந்த புதிதில் 1968 மாடல் சார்ஜர் ஒன்றின் இடதுபக்கச் சக்கரத்தைக் கழற்றச் சொன்னார்கள். நட்டு அசையவில்லை. வீல் ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன். ‘டப்’ என்று நட்டு ஏறுகிற மரைக்கம்பி, அதாவது ஸ்டட், முறிந்தது. சார்ஜரைச் செய்த கிறைஸ்லர் கம்பெனியின் அந்தக் காலத்து வண்டிகளில் இடப்பக்க நட்டுகளுக்கு மரை எதிர்த்திசை. நான் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்டட் முனையைத் துணியால் துடைத்தபிறகு கிரீசுக்கு அடியில் குட்டியாக ‘எல்’ என்ற எழுத்து தெரிந்தது. அன்றிலிருந்து ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் துணியைத்தான் எடுப்பேன்.

மஸ்டாங் வி8-க்கு ஐந்து ஸ்டட்டும் நிற்கிற வட்டம் நாலரை அங்குலம், அதாவது 114.3 மில்லிமீட்டர். கமேரோவுக்கு நாலே முக்கால், 120.65. இரண்டுக்கும் ஐந்து ஓட்டைதான், தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒன்றின் ரிம் மற்றதில் உட்காராது.

நம் பக்கம் அந்த ஜாடை உள்ள வண்டி என்றால் கான்டெசாதான். இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டரை வைத்து இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-லிருந்து 2002 வரை செய்தது. நாகப்பட்டினத்தில் இருக்கும் என் தங்கை மகன் இசுசு என்ஜின் வைத்த ஒன்றை வாங்கி, இரண்டு வருஷம் உயிரைக் கொடுத்துத் தேற்றினான். கடைசியில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் 17 அங்குல அலாய் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். “எப்படி மாமா?” என்றான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

ஓட்டினால் 70-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கியது. ஸ்டட் வட்டம் சரி, ஆனால் அலாயின் நடு ஓட்டை, சக்கரம் வந்து உட்காருகிற நடுக்குடமான ஹப்பைவிடப் பெரிது. சக்கரம் ஹப்பில் உட்காராமல் நட்டுகளில் தொங்கிக்கொண்டிருந்தது. நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குக்குக் கடைசல் பிடிக்கிற ஒருவரிடம் வெர்னியரில் எடுத்த அளவைக் கொடுத்து, அந்த இடைவெளியை அடைக்க நாலு வளையம் கடைந்து வாங்கினேன். அவர் பித்தளையில் செய்யலாம் என்றார். நாகை உப்புக்காற்றில் பித்தளையும் அலுமினியமும் ஒட்டிக்கிடந்தால் அலுமினியம் பொரிந்துவிடும் என்று சொல்லி அலுமினியத்திலேயே கேட்டேன். நடுக்கம் நின்றது.

அப்புறம் உரசல். மட்கார்டின் உட்பக்கம் முழுக்கக் கோலத்துக்குக் கரைக்கிற மாதிரி அரிசிமாவைக் கரைத்துப் பூசிக் காயவிட்டோம். டிக்கியில் மூன்று, பின்சீட்டில் மூன்று என்று 40 கிலோ நெல் மூட்டை ஆறை ஏற்றி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, தெருமுனை வேகத்தடையில் ஏற்றி இறக்கினோம். வலது முன்சக்கரத்துக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு மாவைக் காணோம். வெறும் வண்டியைத் தரையில் நிறுத்தி, விரல் விட்டுப் பார்த்து, இடம் இருக்கிறது என்பார்கள் பாருங்கள், அதை நம்பாதீர்கள்.

அதைச் சரிசெய்வதற்குள் அவனுக்கு லீவு முடிந்து கிளம்பிவிட்டான். குடவாசல் தாண்டியதும் ‘டக் டக்’ என்று சத்தம். ஓரங்கட்டிப் பார்த்தால் பின்சக்கரத்தில் இரண்டு நட்டு இல்லை, மற்றவை கையாலேயே சுற்ற வருகின்றன. போன் செய்தான், போனேன். இரும்பு ரிம்முக்கு வந்த பழைய நட்டையே தடித்த அலாய்க்கும் மாட்டியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், மூன்றரைச் சுற்றுதான் பிடித்திருந்தது. ஸ்டட் எவ்வளவு பருமனோ அவ்வளவு நீளத்துக்காவது மரை பிடிக்கவேண்டும். 12 மில்லி ஸ்டட், பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 1.5 மில்லி என்றால் எட்டுச் சுற்று. வளையம் மாட்டியபோது நான் இதை எண்ணாமல் விட்டது என் தப்பு, அதை மறைக்கவில்லை. அலாய்க்குப் புதிதாக மாட்டிய நட்டை ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு தரம் இறுக்கத்தை அளக்கிற டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்கவும் வேண்டும். அதையும் அவனிடம் சொல்ல மறந்தேன்.

டயருக்கும் வருகிறேன். முன்பு ஓடிய 185/70 ஆர்14-க்கும் புதிய 205/45 ஆர்17-க்கும் வெளிவட்டம் ஏறக்குறைய ஒன்றுதான், ஸ்பீடாமீட்டர் ஏமாறாது. ஆனால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் 130 மில்லி இருந்த ரப்பர் 92 ஆகிவிட்டது. அறுவடைக் காலத்தில் டிராக்டர் ஓடிக் குழிந்த நம் வாய்க்கால்கரை ரோட்டில் அது எத்தனை நாளைக்கு?

பழைய ரிம் ஐந்தையும் அலாய் விற்ற கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டிருந்தார். நான் போய்க் கேட்டபோது நாலுதான் மிச்சம். கோணல் எடுத்து, சாண்ட் பிளாஸ்ட் செய்து, பெயின்ட் அடித்து அவற்றையே மாட்டிவிட்டோம். 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு ‘விஏ’ வரிசையில் தனிப் பதிவெண் தரும் விதி 2021-ல் வந்திருக்கிறது. அசல் வடிவம் கெடாமல் இருந்தால்தான் அது கிடைக்கும். முதல் கான்டெசாக்களுக்கே அந்த வயசு 2034-ல்தான் வரும். அதுவரை ரிம்மை எடைக்குப் போடாமல் வைத்திருக்கவேண்டாமா?

எங்களுக்கு இப்போது ஸ்டெப்னிக்கு ரிம் இல்லை. டெல்டா பக்கம் யார் வீட்டு மாட்டுக்கொட்டகையிலாவது கான்டெசாவின் 14 அங்குல இரும்பு ரிம் கிடந்தால், இரும்புக்கடைக்குப் போடுமுன் உங்கள் அலுவலகத்துக்கு ஒரு கார்டு எழுதச் சொல்லுங்கள். கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு பழைய மெக்கானிக்,
கும்பகோணம்.