பங்குச் சந்தைப் போட்டியில் பரிசு யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மாணவர்கள் கற்பனைப் பணத்தைக் கொண்டு பங்குகளை வாங்கி விற்கும் பங்குச் சந்தை மாதிரிப் போட்டிகள் பற்றித் தங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பங்கு, ஈவுத்தொகை, குறியீட்டெண் எல்லாம் மாணவர்களுக்கு எளிதில் விளங்குவதாக எழுதியிருந்தீர்கள். உண்மைதான். ஆனால் அந்தப் போட்டி பிள்ளைகளின் மனத்தை என்ன பாடு படுத்துகிறது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. வகுப்பில் இதை நடத்திவரும் வணிகவியல் ஆசிரியை என்ற முறையில் அதைச் சொல்ல விரும்புகிறேன்.

கற்பனைப் பணம்தானே என்று நாம் நினைக்கிறோம். சந்தை சரியும் நாளில் வகுப்புக்குள் வந்து பார்த்தால் தெரியும். நேற்றுவரை கலகலப்பாக இருந்த அணி ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

என் மாணவி ஒருத்தி வாங்கிய மருந்து நிறுவனப் பங்கு சற்றே ஏறியதும் மறுநாளே விற்றுவிட்டாள். அவளிடமிருந்த இன்னொரு பங்கு இறங்கிக்கொண்டே போனது. அதைத் தொடவே இல்லை. வாங்குவதற்கும் விற்பதற்கும் காரணம் எழுத நான் ஒரு குறிப்பேடு வைத்திருக்கச் சொல்வேன். அதில், "அசல் தேறிவிட்டால் விற்றுவிடுவேன்" என்று பென்சிலால் எழுதியிருந்தாள். வேறு ஏதோ எழுதி அழித்த தடம் அடியில் தெரிந்தது. பாதியாகச் சரிந்த பங்கு பழைய விலையைத் தொட 100 சதவீதம் ஏற வேண்டும் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். கணக்கு அவளுக்குப் புரிந்தது. விற்கத்தான் மனம் வரவில்லை.

இது பிள்ளைத்தனம் அல்ல. லாபத்தை அவசரமாக எடுத்துக்கொண்டு நஷ்டத்தைக் கட்டிக்கொண்டு அழும் இந்தப் போக்கை ஹெர்ஷ் ஷெஃப்ரின், மெயர் ஸ்டாட்மன் என்ற இரு அறிஞர்கள் 1985-லேயே விவரித்திருக்கிறார்கள். ஒரு தொகை கிடைக்கும் மகிழ்ச்சியைவிட அதே தொகையை இழக்கும் வலி பெரிது என்று உளவியல் அறிஞர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் எழுதினார்கள். அந்த வலியைச் சொந்தப் பணம் போகாமல் பதினாறு வயதில் அறிந்துகொள்வது பெரிய வாய்ப்பு. அதைப் போட்டி விதிகளே கெடுத்துவிடுகின்றன என்பதுதான் என் ஆதங்கம்.

சில வாரங்களே நடக்கும் போட்டியில், கடைசி நாளில் யார் கணக்கில் அதிகப் பணம் இருக்கிறதோ அவருக்குப் பரிசு. கடைசி இடம் வந்தாலும் இழப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே பின்தங்கிய அணிகள் இறுதி வாரத்தில் மொத்தத்தையும் ஏதாவது ஒரு பங்கில் போட்டுவிடுகின்றன. அவற்றில் ஒன்றுக்கு அதிர்ஷ்டம் அடிக்கிறது. அந்த அணிதான் மேடையேறுகிறது. நிதானமாகப் பல துறைகளில் பிரித்து முதலீடு செய்த பிள்ளைகள் கீழே அமர்ந்து கைதட்டுகிறார்கள். தங்கள் வழிதான் தவறு போலிருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றாதா?

பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடீன் என்ற நிதியியல் ஆய்வாளர்கள் இருவரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வை அமைப்பாளர்கள் பார்க்க வேண்டும். 1991 முதல் 1996 வரை ஓர் அமெரிக்கத் தரகு நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்த 66,000-க்கும் அதிகமான குடும்பங்களை ஆராய்ந்தார்கள். ஓயாமல் வாங்கி விற்றவர்களுக்கு ஆண்டுக்கு 11.4 சதவீதமே கிடைத்தது, சந்தையோ 17.9 சதவீதம் தந்தது. வாங்கி விற்கும் ஒவ்வொரு முறையும் கழியும் தரகுக் கட்டணத்தையே கணக்கில் சேர்க்காத மாதிரிப் போட்டியில் இந்தச் சேதம் மாணவர்கள் கண்ணுக்குப் படாது.

எனவே தரகையும் வரியையும் கழித்துக் கணக்கிடுங்கள். ஒரே பங்கில் போடும் தொகைக்கு வரம்பு வையுங்கள். போட்டியை ஒரு கல்வியாண்டு முழுவதும் நடத்துங்கள். மதிப்பெண்ணில் பாதியையாவது குறிப்பேட்டுக்குக் கொடுங்கள். வாங்கும்போது என்ன நினைத்தார்கள், விலை சரிந்தபோது என்ன செய்யத் தோன்றியது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பரிசளிப்பு நாளில் நஷ்டப்பட்ட அணிக்கும் மேடையில் பேச நேரம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
வணிகவியல் ஆசிரியை ஒருவர்