கூத்துப் பழக்கிய அண்ணாவியாருக்கு, கொப்பியோடு சேர்த்து

அண்ணாவியார் மாமா,

இந்த வைகாசியும் நான் வரமாட்டேன். கோயில் பொங்கல் கூத்தில் கண்ணகியாக ஆட வேறு பெடியனைப் பழக்குங்கோ. இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, ரெண்டு தரம் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். ஊர்ச்சனமும் வாசிக்கும் என்று தெரிந்துதான் இங்கே எழுதுகிறேன், அதனால் சில பெயர்களைத் தொடப்போவதில்லை.

முழுநீளப் படம் மாமா. ஒன்பது வருசம் குறும்படங்களில் நின்றபிறகு வந்தது.

கொப்பியை எடுத்துக் கட்டும்போது மெனிக் பாம் அகதி முகாம்தான் கண்ணுக்குள் வந்தது. 2009, எனக்குப் பதினொரு வயசு. பழைய கோவலன் கூத்துக் கொப்பி சண்டைக்குள் மாத்தளனில் பங்கரோடு போய்விட்டது. நீங்கள் தறப்பாள் கொட்டிலுக்கு முன்னால் தண்ணிக் கானைக் கவிழ்த்து மத்தளமாக்கிக்கொண்டு ஒரு வரி சொல்லுவீர்கள், நான் நிவாரணத்தில் கிடைத்த கொப்பியில் எழுதுவேன். அடுத்த வரி வராவிட்டாலும் உங்கள் விரல் நிற்காது. தாளத்தைப் பிடித்தால் வரி தானாக வரும் என்பீர்கள், வரும். கண்ணகி சிலம்போடு பாண்டியன் சபைக்கு வருகிற தரு, அந்தக் கூத்துப்பாட்டு மட்டும் மூன்று நாளாக வரவில்லை. மூன்றாம் நாள் தண்ணிக்கு வரிசையில் நிற்கும்போது சத்தமாக எடுத்தீர்கள், பாதியில் நின்றது, பின்னால் நின்ற கிழவி ஒருத்தி மீதி அடியைப் பாடினா. நான் ஓடிப்போய்க் கொப்பியோடு வந்து எழுதி முடிப்பதற்குள் ஆரோ வாளியைத் தட்டிவிட, கொப்பிப் பக்கமெல்லாம் தண்ணி.

அப்படி எழுதின என்னைத்தான் கோயில் வீதியில் எல்லாருக்கும் முன்னால், "கமெராவுக்கு முன்னால நிக்கிறவனுக்குக் கூத்துக்களரி எதுக்கு?" என்று கேட்டீர்கள். ஆர் சொல்லிக் கேட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும், அதை விடுகிறேன். இசைநாடக நடிகர் நடிகமணி வி.வி. வைரமுத்துவை இழுத்தீர்கள், அரிச்சந்திரனாக ஆயிரக்கணக்கான இரவு மேடையில் நின்றவருக்கு எந்தக் கமெரா வேண்டியிருந்தது என்று. 1989இல் அவர் போய்விட்டார் மாமா. மயானகாண்டத்தில் அவர் நின்ற நிலையை நான் கேள்விப்பட்டதோடு சரி. உங்கள் ஆட்டத்தையும் நாளைக்கு ஒரு பிள்ளை கேள்வி மட்டும் படவேண்டுமா? படம்பிடிக்கக் கேட்டபோது ஏன் மறித்தீர்கள்?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கோ. கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டுமென்று நீங்கள் பழக்கிய முழியை, ஒரு முழத்தில் நிற்கிற கமெராவுக்காக அடக்க எனக்கு நாலு வருசம் எடுத்தது. மூச்சை மட்டும் மாற்றவில்லை. விருத்தத்துக்கு நீங்கள் தந்த மூச்சில்தான் இன்றைக்கும் வசனம் பேசுகிறேன். ஆனால் ஒரு படமாவது பார்த்தீர்களா? மாமி பார்த்தாவாம், உங்களுக்குத் தெரியாமல்.

கொப்பியை முல்லைத்தீவு பஸ்ஸில் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுகிறேன். புதுப் பெடியன் அதைப் பார்த்துப் படிக்கட்டும். சிலம்பு உடைக்கிற பக்கத்தில் அன்றைக்குத் தண்ணி பட்ட இடத்தில் ரெண்டு வரி கரைந்துபோய்க் கிடக்கிறது. எனக்கு வாயில் இருக்கிறது, ஆனாலும் நான் எழுதவில்லை. அதை உங்கள் கையால் எழுதிவிட்டு அவனிடம் கொடுங்கோ.